தீர்ப்பு வந்தபின் சாட்சி வீட்டுக்குப் போகாதீர்கள்

செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை விழுந்து மேல்முறையீடு தாக்கலானதும், சில குடும்பங்கள் முதலில் தேடிப் போவது அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, வீட்டைத்தான். 'போலீஸ் சொல்லிக்கொடுத்ததைத்தான் அன்று சொன்னேன்' என்று அபிடவிட் (பிரமாணப் பத்திரம்) தயாராகும், நோட்டரி முத்திரையும் விழும். பிறகு வக்கீலிடம் நீட்டி, 'இதைத் தாக்கல் பண்ணுங்க சார், விடுதலைதான்' என்பார்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்தக் கட்டு வருவது நிற்கவில்லை.

'அவர்தான் சாட்சி சொல்லி முடித்துவிட்டாரே, இனிமேல் பார்த்துப் பேசினால் என்ன தப்பு?' இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் வேர். மேல்முறையீட்டில் நீதிபதிகள் படிப்பது கீழ்க்கோர்ட்டு ஆவணக் கட்டை. சாட்சி கூண்டில் ஏறி, பிரமாணம் எடுத்து, உங்கள் வக்கீலின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னது அதில் பதிவாகியிருக்கிறது. யாரும் குறுக்கு விசாரணை செய்யாத ஓர் அபிடவிட் அந்தச் சாட்சியத்தை அழித்துவிடாது. நோட்டரி முத்திரை, இன்னார் கையெழுத்திட்டார் என்பதற்குத்தான். எழுதியது உண்மை என்பதற்கு அல்ல. கூடுதல் சாட்சியம் வேண்டுமானால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 432ஆம் பிரிவின் கீழ் (பழைய சி.ஆர்.பி.சி. 391) மனுப் போட வேண்டும். தேவை என்று நீதிமன்றம் கருதினால் காரணத்தைப் பதிவுசெய்துவிட்டுத் தானே விசாரிக்கும், அல்லது கீழே விசாரிக்கச் சொல்லும். சாட்சி மறுபடி கூண்டேறுவார். அரசு வழக்கறிஞர் எழுந்து கேட்பார்: 'இந்தப் பத்திரத்தாளை வாங்கியது யார்?'

பதில் தாளிலேயே இருக்கும். வாங்கியவர் பெயரும் தேதியும் அதில் உண்டு. பெரும்பாலும் அது குற்றவாளியின் மைத்துனர் பெயர். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவரின் அபிடவிட் ஆங்கிலத்தில் இருக்கும். படித்துக் காட்டி விளக்கியதாக ஒரு வரிகூட இருக்காது. முந்தைய வாரம் சாட்சியின் கணக்குக்கு ஜிபேயில் பணம் போயிருக்கும். யார் யாருக்கு எப்போது போன் போட்டார் என்ற அழைப்பு விவரப் பட்டியலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மிரட்டிப் பொய்ச் சாட்சி சொல்ல வைக்கப் பார்த்தால் பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 232, ஏழாண்டு வரை சிறை. போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். 'மிரட்டவில்லை, பணம்தான் கொடுத்தோம்' என்று சொல்வது தற்காப்பே ஆகாது. அது பொய்ச் சாட்சியத்துக்கு உடந்தை. மேல்முறையீடு முடியும்வரை நிறுத்திவைத்த தண்டனையும் மீண்டும் உயிர்பெறலாம். இதையெல்லாம் விட எரிச்சலூட்டுவது, அடையாள அணிவகுப்பில் ஓட்டை, மருத்துவ அறிக்கையில் முரண் என்று மேல்முறையீட்டில் ஜெயிக்கக்கூடிய நல்ல வாதங்கள் இருக்கும் வழக்குகளும் இப்படிக் கெட்டுப்போவதுதான்.

சாட்சியாக இருப்பவர்களே, உங்களுக்கும்தான். பிரமாணத்தின் பேரில் ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு வாக்குமூலம் கொடுத்தால், எது பொய் என்று நிரூபிக்காமலேயே பொய்ச் சாட்சிக் குற்றத்துக்குத் தண்டிக்க முடியும். குஜராத் கலவரக் கொலைகள் பற்றிய பெஸ்ட் பேக்கரி வழக்கில் மாற்றி மாற்றிச் சொன்ன முக்கியச் சாட்சிக்கு 2006இல் உச்ச நீதிமன்றம் நீதிமன்ற அவமதிப்புக்காக ஓராண்டுச் சிறை விதித்தது.

சமாதானத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ராஜியாகப் போகக்கூடிய குற்றம் என்றால், மேல்முறையீட்டிலும் நீதிமன்ற அனுமதியோடு பாதிக்கப்பட்டவருடன் ராஜியாகலாம். கொலை வழக்கில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

(சக வக்கீல்களுக்கு: கார் மோதிப் பலர் இறந்த டெல்லி பி.எம்.டபிள்யூ. வழக்கில் சாட்சியை வளைக்கப் பார்த்த மூத்த வழக்கறிஞர் மீதான நீதிமன்ற அவமதிப்பை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 'கட்சிக்காரர் கொண்டுவந்தார், தாக்கல் செய்தேன்' என்பது நம்மைக் காப்பாற்றாது.)

சாட்சி உண்மையிலேயே மனம் மாறியிருந்தால்? குற்றவாளியின் குடும்பம் அவரை நெருங்கவே கூடாது. பஸ் கட்டணம்கூடக் கொடுக்கக் கூடாது. அவர் தனக்கென்று வேறொரு வக்கீலை வைத்துக்கொள்ளட்டும். வசதி இல்லாவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். தனக்கு என்ன ஆபத்து என்று தெரிந்துகொண்டு, தெரிந்த மொழியில் எழுதட்டும். 432 மனுவில் அவர் யாரிடம், எப்போது, எப்படி முதலில் சொன்னார் என்பதை ஒளிக்காமல் எழுதி, அரசு வழக்கறிஞருக்கு நகல் கொடுங்கள்.

மிரட்டல் வந்தால் சாட்சிகள் எண்ணையும் நேரத்தையும் குறித்துவைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். 2018ஆம் ஆண்டு சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் விசாரணைக்குப் பிறகு வரும் அச்சுறுத்தலுக்கும் பொருந்தும். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுக் கொடுக்க வேண்டும், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அச்சுறுத்தல் அறிக்கை ஐந்து வேலை நாளுக்குள் வர வேண்டும் என்கிறது திட்டம். விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்த வழக்கில் போலீஸ்காரரே வந்து 'ஒழுங்காச் சொல்லு' என்று உறுமினாலும் இதே வழிதான்.

சாட்சியைக் கலைத்ததாக உங்கள் மீதே குற்றச்சாட்டு வந்துவிட்டதா? தயவுசெய்து வாட்ஸாப்பை அழிக்காதீர்கள். 'ஏன் இப்படிச் சொன்னீங்க?' என்று கேட்கச் சாட்சிக்குப் போன் போடாதீர்கள். அந்த அழைப்பும் பட்டியலில் ஏறும். போனை அப்படியே வைத்துக்கொண்டு, அன்றே உங்கள் வக்கீலிடம் நடந்ததை முழுசாகச் சொல்லுங்கள், கொடுத்த பணம் உட்பட.