டாஸ்க் ஃபோர்ஸ்: செயலணி

டாஸ்க் ஃபோர்ஸ் என்றதும் நமக்கு வீரப்பன் வேட்டைதான் நினைவுக்கு வரும். சத்தியமங்கலம் காட்டைச் சுற்றிவந்த சிறப்புக் காவல் படையை 'அதிரடிப்படை' என்றே எழுதிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தில் கடற்படைச் செய்தியிலும் அதே சொல்லைப் போடுகிறார்கள். அங்கே அது பொருந்தவே பொருந்தாது.

குறிப்பிட்ட ஒரு வேலைக்காகப் பல இடங்களிலிருந்து கப்பல்களையும் விமானங்களையும் துருப்புகளையும் சேர்த்து, ஒரே தலைமையின் கீழ் அனுப்பும் படைதான் டாஸ்க் ஃபோர்ஸ். வேலை முடிந்தால் கலைந்துவிடும். 'டாஸ்க்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வரியைக் குறிக்கும் 'டாக்ஸ்' அதற்கு உறவு. இரண்டுக்கும் அடியில் இருப்பது 'இவ்வளவு' என்று விதிக்கும் கருத்து. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை இதை முறையான அமைப்பாக வளர்த்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தது. பசிபிக்கில் அதே விமானந்தாங்கிக் கப்பல்கள் அட்மிரல் ஸ்ப்ருவான்ஸ் தலைமையில் போனால் 58, அட்மிரல் ஹால்சி தலைமையில் போனால் 38. கப்பல் மாறாது, பெயர் மட்டும் மாறும்.

கடல்கடந்த போரில் இதன் வேலை என்ன என்பதற்கு 1982 ஃபாக்லாந்துப் போரைவிட நல்ல பாடம் இல்லை. தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசம் இருந்த ஃபாக்லாந்துத் தீவுகளை ஏப்ரல் 2-இல் அர்ஜென்டினா பிடித்தது. 5-ஆம் தேதியே ஹெர்மீஸ், இன்வின்சிபிள் என்ற இரு பிரிட்டிஷ் விமானந்தாங்கிகளும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து கிளம்பிவிட்டன. போக வேண்டிய தூரமோ சுமார் 13,000 கி.மீ. போர்க்கப்பல் மட்டும் போதாது என்று கான்பெரா என்ற சொகுசுப் பயணிகள் கப்பலையும் பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்டது. சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் கூடவே போயின. அவசரத்தில் ஏற்றிய சரக்கைப் பாதி வழியில் அசென்ஷன் தீவில் பிரித்து அடுக்கினார்கள். கரையிறங்கியதும் முதலில் வேண்டியது அடியில் கிடந்தால் என்ன பயன்?

மே 21-இல் ஃபாக்லாந்தின் சான் கார்லோஸ் கரையில் பிரிட்டிஷ் துருப்புகள் இறங்கின. 25-ஆம் தேதி அட்லாண்டிக் கன்வேயர் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் அர்ஜென்டினாவின் எக்சோசெட் ஏவுகணைக்கு இரையானது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். கப்பலோடு, வீரர்களையும் சுமையையும் தூக்கிச் செல்லும் மூன்று சினூக் ஹெலிகாப்டர்களும் போயின. விளைவு, கரையில் இருந்த வீரர்களில் பலர் முதுகில் பெரும் சுமையோடு சதுப்பு நிலத்தில் நடந்தே தீவின் தலைநகரான ஸ்டான்லி நோக்கிப் போக வேண்டியதாயிற்று. கடலில் ஒரு சரக்குக் கப்பல் போனால் தரையில் போரின் போக்கே மாறும். வெளிநாட்டுப் போர்களில் கடற்படை 'உதவிக்கு' வந்தது என்று எழுதுவதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். ஜூன் 14-இல் அர்ஜென்டினாப் படை சரணடைந்தது. ஹெர்மீஸ் 1987-இல் நம் கடற்படைக்கு வந்து ஐ.என்.எஸ். விராட் ஆனது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? அதிரடி என்றால் திடீர்த் தாக்குதல். வாரக்கணக்கில் கடலில் ஊர்ந்து, சரக்கை அடுக்கி, கரையிறக்கிக் காக்கும் படைக்கு அந்தப் பெயர் தகாது. 'பணிப்படை' தவறில்லை, ஆனால் கட்டட வேலைக்கு ஆள் சேர்த்தது போல ஒலிக்கிறது. இலங்கைத் தமிழில் 'ஜனாதிபதி செயலணி' என்று அரசு அமைப்புகளுக்கு வழங்குகிறார்கள். எனக்கு இந்தச் 'செயலணி'தான் பிடித்திருக்கிறது. செயல் என்பதில் டாஸ்க் வந்துவிடுகிறது. அணி என்பது படைவரிசைக்கு நம்மிடம் உள்ள பழைய சொல், அணிவகுப்பில் இன்றும் புழங்குகிறது.

ஆகவே 58-ஆம் செயலணி, கடற்படைச் செயலணி என்று எழுதலாம். அதன் உட்பிரிவான டாஸ்க் குரூப்பைச் 'செயற்குழு' என்று மட்டும் எழுத வேண்டாம். கட்சிக் கூட்டம் என்று நினைத்துவிடுவார்கள். 'செயற்பிரிவு' போதும்.