பழைய கார்புரேட்டரை எடைக்குப் போடுவதற்கு முன்

போன மாதம் ஒருவர் தன் அப்பாவின் மார்க் 4 அம்பாசடரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது என்ஜின் மெதுவாக ஓடுவது) நிலைக்கவில்லை, சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி அணைந்துவிடும், அதோடு பெட்ரோல் வாடை. வேறொரு இடத்தில் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) போய்விட்டது என்று சொல்லி புதிதாக ஒன்றை மாட்டியும் விட்டிருந்தார்கள். மாட்டிய பிறகும் அதே தொந்தரவுதான். நல்லவேளையாக, பழையதை ஒரு துணிப்பையில் சுற்றி டிக்கியிலேயே வைத்திருந்தார்.

கழற்றிப் பார்த்ததில் ஐடிலிங் பிரச்சினைக்குக் காரணம் இன்டேக் மேனிஃபோல்டு (அந்தக் கலவையை என்ஜினுக்குள் கொண்டுபோகும் குழாய்) கேஸ்கெட், அதாவது ஜாயின்டை அடைக்கும் தகடு. அது ஓரமாகக் கிழிந்து ஏர் இழுத்துக்கொண்டிருந்தது. கார்புரேட்டரைப் பத்து முறை மாற்றினாலும் இது சரியாகாது. அதனால்தான் கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷனில் பாயிண்ட் கேப், கண்டென்சர், டைமிங், என்ஜினில் வால்வ் கிளியரன்ஸ், கம்ப்ரஷன் எல்லாவற்றையும் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஏர் லீக் எங்கே என்று தெரிய, சின்ன ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஓடும் என்ஜினில் ஜாயின்ட் ஜாயின்டாக லேசாகத் தெளித்தால் போதும், லீக் இருக்கும் இடத்தில் என்ஜின் சத்தம் தடுமாறும். சிலர் பெட்ரோலையே தெளித்துப் பார்ப்பார்கள், தயவுசெய்து வேண்டாம். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், கார்புரேட்டருக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும். ஓவர்ஃப்ளோ ஆகிற கார்புரேட்டரோடு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குவதும் இதனால்தான்.

சரி, கோளாறு கார்புரேட்டரில்தான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

நான் முதலில் பார்ப்பது த்ராட்டில் ஸ்பிண்டில், அதாவது ஆக்சிலேட்டரை மிதித்தால் கார்புரேட்டரில் திறக்கும் தகட்டின் அச்சு. லீவரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் லூசாக இருக்கிறதா என்று கையிலேயே தெரியும். ஆடினால் அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே போகும், ஐடிலிங் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் நிலைக்காது. வெறும் சர்வீஸ் கிட் போட்டுவிட்டு "ஓவராயில் பண்ணியாச்சு" என்று கொடுத்த வண்டிகள் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான், ஏனென்றால் கிட்டில் கேஸ்கெட், டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு), நீடில் வால்வ் (உள்ளே வரும் பெட்ரோலை அடைக்கும் ஊசி) வரும், ஸ்பிண்டில் ஓட்டையின் தேய்மானத்துக்கு அதில் மருந்து கிடையாது. நல்ல லேத் பட்டறையில் ஓட்டையை ரீமர் போட்டுப் பெரிதாக்கி, வெண்கல புஷ் இறக்கி, புது ஸ்பிண்டில் போட்டால் அந்தக் கார்புரேட்டர் உடம்பு இன்னும் பல வருஷம் உழைக்கும்.

அடுத்தது அடி ஃப்ளேஞ்ச், மேனிஃபோல்டு மேல் நட்டு போட்டு உட்காரும் விளிம்பு. நட்டை அளவுக்கு மீறி முறுக்கி முறுக்கி அது வில் மாதிரி வளைந்திருக்கும். தடிமனான கண்ணாடி மேல் எமரி பேப்பர் விரித்துத் தேய்த்தே சமப்படுத்தலாம். கார்புரேட்டருக்குள் பெட்ரோலில் மிதக்கும் பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஓட்டை விழுந்திருக்கிறது, சுடுதண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடத்தை அது தானே காட்டிக்கொடுக்கும். அப்புறம் ஜெட், பெட்ரோலை அளந்து விடும் ஓட்டை உள்ள சின்னத் திருகு. சோலெக்ஸ் கம்பெனி கார்புரேட்டரின் மெயின் ஜெட்டில் 120 என்று இருந்தால் ஓட்டை 1.20 மில்லிமீட்டர். அதில் இரும்புக் கம்பியை விட்டுக் குத்தினால் அளவே மாறிவிடும். ஸ்பிரே கிளீனரும் காற்றும் மட்டும் போதும்.

இவ்வளவு சொன்னாலும், மாற்றத்தான் வேண்டும் என்று நானே சொல்கிற வண்டிகளும் உண்டு. ஒரு பத்மினி கார் வருஷக்கணக்கில் ஷெட்டில் நின்றுவிட்டது, ஃப்ளோட் அறைக்குள் தண்ணீர் தேங்கி, துத்தநாகக் கலவை உடம்பு வெள்ளையாகப் பொடிந்து, ஐடில் வழி இருந்த இடமே தெரியவில்லை. ஃப்ளேஞ்ச் காது உடைந்து எம்சீல் வைத்து ஒட்டியிருந்தார்கள். அதற்கு மேல் உழைப்பது வீண். அப்போதும் கடையில் பளபளப்பாக இருந்த புதுசை வாங்கச் சொல்லவில்லை, வேறொரு பத்மினியிலிருந்து கழற்றிய நல்ல ஒரிஜினலைத் தேடி எடுத்து அதைச் சரி செய்து மாட்டினோம். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது, பத்மினி அதற்கும் வெகுமுன்பே. இப்போது புதுசு என்று வருவதில் நான் கழற்றிப் பார்த்தவற்றில் நிறைய டூப்ளிகேட், ஜெட்டில் பொறித்த எண் ஒன்றாகவும் ஓட்டை வேறாகவும் இருக்கும், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஸ்பிண்டில் ஆடும். அந்த அம்பாசடரில் பெட்ரோல் வாடை நிற்காததும் புதுசின் நீடில் வால்வ் சரியாக மூடாததால்தான்.

பழையதற்கு புஷ் போட்டு, கிட் மாற்றி, மேனிஃபோல்டு கேஸ்கெட்டும் புதிதாகப் போட்டதும் காலை எடுத்த பிறகும் வண்டி அமைதியாக நின்றது. 3 நாள் ஆனது, அதில் 2 நாள் லேத் வேலைக்குக் காத்திருந்ததுதான்.

இன்னொன்று, இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும், அந்தக் கால ரப்பரைக் கெடுக்கும், கலவையும் கொஞ்சம் லீனாகும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாது. கிட் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் டயாஃப்ரமா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பார்க் பிளக் நிறம் வெளுத்திருந்தால் மட்டும் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பாருங்கள். பெட்ரோல் பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் ஹோஸையும் வளைத்துப் பார்த்துவிடுங்கள், வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.