ரூட்டிங்: மடைமாற்றமா, வழிப்படுத்தலா?

மெடிக்கல் பில்லிங் வேலைக்குப் போகும் தஞ்சாவூர், கும்பகோணம் பிள்ளைகள் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கேட்கும் பேச்சு, "ரூட்டிங் தப்பு, ஃபைல் திரும்பிடுச்சு". ரூட்டிங் என்றால் ஃபைல் யார் மூலமாகப் போக வேண்டும் என்று வழி காட்டுவது. ஃபைல் என்றால் 837, அதாவது அமெரிக்க மருத்துவமனையோ டாக்டரோ இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பும் கிளெய்ம், சிகிச்சைக்குப் பணம் கேட்கும் விண்ணப்பம். பணம் கொடுத்த விவரம் 835 ஆகத் திரும்பி வரும். இந்த மின்தரவுப் பரிமாற்றம் (ஈடிஐ) அங்கே 1996-இல் வந்த ஹிப்பா என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் எக்ஸ்12 என்ற பொது ஃபைல் வடிவத்தில்தான் நடக்க வேண்டும்.

ரூட் என்ற சொல் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, மூலம் லத்தீனின் 'ருப்தா'. உடைத்தது, வெட்டித் திறந்தது என்று பொருள். காட்டை வெட்டிப் போட்ட பாதை.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் ரொம்பப் பழசு: ஆற்றுப்படுத்தல். ஆறு என்றால் நதி மட்டுமல்ல, வழியும்தான். பரிசு வாங்கி வந்தவன் எதிரே வரும் இன்னொருவனுக்கு வள்ளல் ஊருக்கு வழி சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை, பத்துப்பாட்டில் ஐந்து இந்த வகைதான். ஆனால் இன்று ஆற்றுப்படுத்தல் என்றால் மனநல ஆலோசனை என்று ஆகிவிட்டது, அதனால் ஆபீஸில் எடுபடாது. டெல்டாக்காரனுக்கு அடுத்து நாக்கில் வருவது மடைமாற்றம். கல்லணையில் வந்த தண்ணீரை வெண்ணாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் பிரித்து விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது ஆசையான சொல்தான், சரி, ஆனால் செய்தித்தாளில் 'நிதி மடைமாற்றம்' என்று படித்துப் படித்து அதில் ஒரு திருட்டு வாடை ஏறிவிட்டது. என் ஓட்டு வழிப்படுத்தலுக்கு. ரூட்டிங்கோடு சேர்ந்தே வரும் அட்ரஸிங்குக்கு முகவரியிடல் போதும்.

இரண்டும் ஒன்றல்ல. முகவரி யாருக்கு என்று சொல்லும், வழி யார் மூலமாக என்று சொல்லும். எக்ஸ்12 ஃபைலின் வெளி உறை ஐஎஸ்ஏ என்ற முதல் வரி. மொத்தம் 106 எழுத்து, கூடவும் கூடாது குறையவும் கூடாது. அதில் 6-வது இடம் அனுப்புநர் எண், 8-வது பெறுநர் எண், ஒவ்வொன்றும் 15 எழுத்து. உங்கள் எண் ஒன்பதே இலக்கம் என்றால் மீதி ஆறையும் வெற்றிடம் விட்டு நிரப்ப வேண்டும், ஒரு ஸ்பேஸ் விட்டுப்போனாலும் அப்புறம் எல்லாமே ஒரு இடம் நகர்ந்துவிடும். எண்ணுக்கு முன்னால் அது என்ன வகை என்று இரண்டு எழுத்துக் குறி: 30 என்றால் அமெரிக்க வரி எண், 'இசட் இசட்' என்றால் இரண்டு தரப்பும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. அந்த இரண்டு தரப்பைத்தான் டிரேடிங் பார்ட்னர் என்கிறார்கள். வியாபாரப் பங்குதாரர் என்று பெயர்த்தால் லாபத்தில் பங்கு கேட்பவர் போல இருக்கும், பரிமாற்றத் தரப்பு என்பது மேல்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பெறுநர் எண்ணில் இன்சூரன்ஸ் கம்பெனியைப் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் ஃபைல் முதலில் போவது கிளியரிங்ஹவுஸுக்கு, அதாவது கிளெய்ம்களை வாங்கி அந்தந்தக் கம்பெனிக்கு அனுப்பும் இடைநிலை நிறுவனத்துக்கு. வங்கித் தமிழில் தீர்வகம். வெளி உறையில் அந்தத் தீர்வகத்தின் எண்தான் வரும், ஏனென்றால் உறையை அடுத்துப் பிரிப்பவர் அவர்தான். உள்ளே என்எம்1 என்ற பெயர் வரியில் 'பிஆர்' குறியோடு வரும் பேயர் ஐடியை, அதாவது பணம் தரும் இன்சூரன்ஸ் கம்பெனியின் எண்ணைப் பார்த்து, எந்தக் கம்பெனிக்கு என்று தீர்வகம் புது உறை போட்டு அனுப்பும். நடுவில் இருக்கும் ஜிஎஸ் உறை ஒரே வகை ஃபைல்களைக் கட்டாகக் கட்டுவதற்கு.

திரும்பி வரும் ரசீதைப் பார்த்தால் எங்கே கோளாறு என்று ஓரளவு பிடித்துவிடலாம். வெளி உறை தப்பென்றால் டிஏ1 சொல்லும், உள்ளே அமைப்பு தப்பென்றால் 999 சொல்லும். பேயர் ஐடி தப்பாகி, வடிவம் மட்டும் சரியாக இருந்தால் இரண்டுமே சுத்தமாக வரும். ஒவ்வொரு கிளெய்மும் ஏற்கப்பட்டதா என்று சொல்லும் 277சிஏ ரசீது வரும்போதுதான் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது தெரியும், அதனால் 999 பச்சையாக இருக்கிறது என்று ஃபைலை மூடிவிடாதீர்கள்.