டோலோரோசா: வியாகுலமா, துயரமா, நோவா?

தஞ்சாவூர்ல வியாகுல மாதா ஆலயம் இருக்கே, அந்த வியாகுலத்துக்குப் பின்னாடி நிக்கிற லத்தீன் சொல்லுதான் டோலோரோசா. நெஞ்சுல ஏழு வாள் குத்தியிருக்கற மாதிரி வரைவாங்களே அந்த மாதா, லத்தீன்ல மாட்டெர் டோலோரோசா, திருநாள் செப்டம்பர் 15. ஜெருசலேம்ல இயேசு சிலுவை சுமந்துட்டுப் போனதா சொல்ற தெருவும் வியா டோலோரோசா தான்.

மூலச்சொல் டோலோர், வலி, துயரம்னு பொருள். அதோட 'ஓசுஸ்' ஒட்டினா அது நிறைஞ்சதுன்னு அர்த்தம். நமக்கு துயரமான அப்பா, துயரமான அம்மா, துயரமான ரோடு எல்லாத்துக்கும் ஒரே 'துயரமான' போதும், லத்தீன்ல அப்படி விட மாட்டாங்க, பெயர்ச்சொல் என்ன பாலோ அடைமொழியும் அதுக்கேத்த மாதிரி மாறணும், ஆண்பாலுக்கு டோலோரோசுஸ், பெண்பாலுக்கு டோலோரோசா, ரெண்டும் இல்லாததுக்கு டோலோரோசும். சரி மாதா பொம்பளை, ரோடு எப்படிங்க பொம்பளை ஆச்சு? வியாங்கற சொல்லு பெண்பால், அவ்ளோதான், நம்ம உயர்திணை அஃறிணைய மனசுல வச்சுட்டுப் போனா மண்டை காஞ்சிரும். வேற்றுமையும் அடைமொழி மேல ஏறும், 'மாதாவை'ன்னா மாட்ரெம் டோலோரோசாம், 'மாதாவோட'ன்னா மாட்ரிஸ் டோலோரோசே. பன்மையில மூணாவது பாலுக்கும் டோலோரோசான்னே வரும், இடம் பாத்துதான் புரிஞ்சுக்கணும்.

ஸ்பெயின்ல பொண்ணுங்களுக்கு டோலோரெஸ்னு பேரு வைக்கறாங்க, 'வியாகுலங்களின் மரியா'ங்கறதோட சுருக்கம். இதுல வேடிக்கை, அந்தச் சொல்லு இலக்கணப்படி ஆண்பால் பன்மை!

இப்ப தமிழுக்கு வருவோம், டோலோரோசாவுக்கு எந்தச் சொல்லு பொருந்தும்? வியாகுலம் வடசொல், அங்க அதுக்கு கலக்கம், தடுமாற்றம்னு பொருள். துயரம் நல்ல சொல்லுதான், ஆனா மனசோட நின்னுடுது. டோலோர் உடம்பு வலிக்கும் வரும், 1ஆம் நூற்றாண்டுல மருத்துவம் பத்தி எழுதின ரோமானியர் செல்சஸ் அழற்சிக்குச் சொன்ன 4 அடையாளம் சிவப்பு, வீக்கம், சூடு, டோலோர், இன்னிக்கும் மெடிக்கல் காலேஜ்ல மனப்பாடம் பண்றாங்க. ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிற சொல்லு நம்மகிட்ட நோவு. யாழ்ப்பாணத்துல தலை நோகுதும்பாங்க, நாம மனசு நோகுதுங்கறோம், குறுந்தொகையில ஒருத்தி 'நோம் என் நெஞ்சே'ன்னு திரும்பத் திரும்பச் சொல்லி அழறா. அதனால என் ஓட்டு 'நோவு மிகுந்த'வுக்குத்தான். அதுக்காக வியாகுல மாதா பேரை மாத்தச் சொல்லல, அது ஜனங்க வாயில ஊறின பேரு, சொல்லுக்கு அர்த்தம் எழுதறப்ப மட்டும் நோவுன்னு போடுங்க.