குத்து காலில்தான் தொடங்குகிறது

ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் பிள்ளைகளைக் கராத்தே பழக அனுப்பும் பெற்றோரிடம் ஒரு குறை எப்போதும் உண்டு: "சேர்ந்து ரெண்டு மாசமாச்சு, இன்னும் முழங்கால மடக்கிக்கிட்டு நிக்கத்தான் சொல்லிக் குடுக்கிறாங்க." தோட்டத்தில் சிலம்பம் பழகிய பெரியவர்களைக் கேட்டாலும் இதே கதைதான். கம்பைச் சுழற்ற விடுவதற்கு முன் வாத்தியார் காலடி போட வைத்தே ஆளைக் களைக்க வைத்திருப்பார். ஜூடோவில் முதல் பாடமே விழுவது! ஜப்பானின் ஒகினாவாத் தீவில் வளர்ந்தது கராத்தே. ஜூடோ 1882இல் கானோ ஜிகோரோ டோக்கியோவில் தொடங்கியது. சிலம்பம் தமிழகத்திலிருந்து தோட்டத் தொழிலாளரோடு மலையேறி வந்தது. ஊர் வேறு, முறை வேறு. ஆனால் மூன்றிலும் கை வேலைக்கு முன் கால் வேலை வருகிறது. மரபு என்பதற்காக மட்டுமல்ல, பௌதிகவியலும் அதைத்தான் கேட்கிறது.

நிமிர்ந்து நிற்கும் ஒருவரின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அங்கிருந்து நேர்கீழாக ஒரு கோடு போட்டால், அது இரு பாதங்களுக்கும் உட்பட்ட பரப்புக்குள் விழும்வரை ஆள் சாயமாட்டார். காலை அகட்டினால் அந்தப் பரப்பு கூடும். முழங்காலை மடக்கினால் மையம் தாழும். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு செங்குத்தான மலையில் இறங்கும் பெண்களைக் கவனியுங்கள். உடம்பைச் சற்றுப் பக்கவாட்டாகத் திருப்பி, முழங்காலைத் தளர்த்தி, ஒரு கால் நன்றாக ஊன்றிய பிறகே மற்றக் காலை எடுப்பார்கள். எந்த மாஸ்டரும் சொல்லிக் கொடுக்காத பாடம் அது.

ஆனால் எந்த நிலைக்கும் ஒரு பலவீனம் உண்டு. கால்களைப் பக்கவாட்டில் அகட்டி நிற்கும் கிபா தாச்சி என்ற கராத்தே நிலையில் ஒரு நண்பரை நிறுத்தி, தோளில் பக்கவாட்டாகத் தள்ளிப் பாருங்கள், லேசில் அசையமாட்டார். பிறகு நெஞ்சில் இரண்டு விரலை வைத்து மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள், தடுமாறிவிடுவார். பாதங்களுக்கு இடைப்பட்ட பரப்பு பக்கவாட்டில் நீளம், முன்பின்னாக ஒரு பாதத்தின் அளவுதான். ஜூடோவின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. எதிராளியைத் தூக்கி எறிவதற்கு முன், அவருடைய கால் தாங்காத திசைக்கு அவரை இழுத்து நிலைகுலைய வைப்பார்கள். அதற்குப் பெயர் குசுஷி. அது சரியாக அமைந்தால் மீதி வேலையைப் புவியீர்ப்பே பார்த்துக்கொள்ளும். சிறிய ஆள் பெரிய ஆளை வீழ்த்துவதில் மாயம் ஒன்றுமில்லை.

சரி, குத்துக்கு வருவோம். ஒரு கையின் நிறை உடல் நிறையில் ஏறக்குறைய 5 சதவீதம். கையை மட்டும் வீசினால் அவ்வளவுதான் கிடைக்கும். பழகியவர் பின்னங்காலால் தரையை உதைக்கிறார். தரை அதே அளவு விசையைத் திருப்பித் தருகிறது, நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த விசை இடுப்பைத் திருப்பி, தோளைத் தள்ளி, கடைசியில் கைமுட்டியில் வந்து சேர்கிறது. நடுவில் இடுப்பு தொளதொளவென்றிருந்தால் பாதி அங்கேயே கரைந்துவிடும். குத்தும் கணத்தில் சத்தம் போட்டு மூச்சை விடுவது வயிற்றுத் தசைகளை இறுக்கத்தான். மழை பெய்த புல்லில் வழுக்கிக்கொண்டு குத்திப் பார்த்தால், தரை எவ்வளவு வேலை செய்கிறது என்பது உடனே புரியும்.

சிலம்பத்தில் கணக்கு இன்னும் சுவையானது. ஒன்றரை மீற்றர்க் கம்பை நடுவில் பிடித்து விநாடிக்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் அதன் நுனி விநாடிக்கு 9 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகப் பாயும். நுனிப் பக்கம் பிடித்து அதே வேகத்தில் சுற்றினால் மற்ற நுனியின் வேகம் இரட்டிப்பாகும். இலவசமாக இல்லை: அப்படிச் சுற்றக் கம்புக்கு நான்கு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், நிறுத்துவதும் அந்த அளவுக்குக் கடினம். காலடி பழகாதவரைக் கம்புதான் இழுத்துக்கொண்டு போகும்.

விழுவதையும் கணக்காகவே பார்க்கலாம். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் உடம்பு தரையைத் தொடும்போது மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். அந்த உந்தம் எப்படியும் பூச்சியமாக வேண்டும். நிற்க எடுக்கும் நேரம் பத்து மடங்கு கூடினால், சராசரி விசை பத்தில் ஒன்றாகக் குறையும். அதனால்தான் உருள்கிறார்கள். முழுக் கையாலும் தரையைத் தட்டுவது அடியைப் பெரிய பரப்பில் பரப்புகிறது. நாடியை நெஞ்சோடு ஒட்டுவது பின்மண்டையைக் காப்பாற்ற. மெத்தை இல்லாத சீமெந்துத் தரையில் எறிந்து பழக்கும் வகுப்பென்றால், மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

ஒழுக்கம் என்றதும் பலருக்கு அதட்டல்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகத்தான் தெரிகிறது. பிடியில் சிக்கிய எதிராளி "போதும்" என்று கையால் தட்டினால் அந்தக் கணமே பிடியை விட வேண்டும். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் இருவரும் முழுப் பலத்தோடு பழக முடிகிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கும் காரணம் உண்டு. கண்ணால் கண்டு உடம்பு அசைய ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிறது. எதைச் செய்வது என்று தெரிவு செய்யவும் வேண்டியிருந்தால் இன்னும் தாமதம். பழகப் பழக, யோசித்துச் செய்தது சிறுமூளை உள்ளிட்ட பகுதிகளின் வழக்கமான வேலையாகிவிடுகிறது. மேடையில் பலகை உடைப்பதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரத்தின் நார் ஓடும் போக்கிலேயே அது பிளக்கும்படிதான் பிடிப்பார்கள்.

மலையகத்துக்கு இன்னொரு விஷயம், குளிர். குளிர்ந்த தசை மெதுவாகச் சுருங்கும், எளிதில் பிசகும். ஜனவரியில் புல்லில் உறைபனி படியும் நுவரெலியாக் காலையில் வந்தவுடனே காலை உயர்த்தி உதைப்பது வம்பு. முதலில் கால் மணி நேரமாவது மெதுவாக ஓடி, மூட்டுகளைச் சுழற்றி, வியர்வை அரும்பிய பிறகு உதையுங்கள். அங்கே உயரம் 1,868 மீற்றர், காற்றமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கொழும்பிலிருந்து போட்டிக்கு வருகிறவர்கள் முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கினால் சிரிக்காதீர்கள். ஒவ்வொரு மூச்சிலும் அவர்களுக்கு ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் கிடைக்கிறது.