பாலித் தீவுப் பன்றிகளும் பப்புவாவின் தீக்காயங்களும்

"பன்றிக்கறி பக்கமே போகாதவருக்கு மூளையில் பன்றி நாடாப்புழு வருமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வரும். அதைப் புரிந்துகொள்ள இந்தோனேசியாவின் பப்புவா மலைநாட்டுக்குப் போவோம்.

1970களின் தொடக்கத்தில், பனியாய் ஏரிகளை ஒட்டிய எனரோத்தாலி மருத்துவமனைக்கு எக்காரி மக்கள் கடும் தீக்காயங்களோடு அடுத்தடுத்து வந்தார்கள். 1,700 மீட்டர் உயரத்தில் இரவுக் குளிர் வாட்டும். குடிசைக்குள் தீ மூட்டி அதைச் சுற்றிப் படுப்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தீயருகே தூங்கியவர்கள் திடீரென்று ஏன் அதில் விழவேண்டும்? தூக்கத்தில் வலிப்பு! பலரின் தோலுக்கடியில் சிறு கட்டிகள் இருந்தன. உள்ளே நாடாப்புழுவின் இளம்பருவம். சற்று முன்புதான் பாலித் தீவிலிருந்து அரசின் அன்பளிப்பாகப் பன்றிகள் வந்து இறங்கியிருந்தன.

புழுவின் வாழ்க்கைச் சுழற்சி பள்ளிப்பாடம்தான். சரியாக வேகாத பன்றிக்கறியிலுள்ள நீர்ப்பை, அதாவது புழுவின் இளம்பருவம் அடங்கிய சிறு பை, நம் குடலில் நாடாப்புழுவாக வளரும். மலத்தோடு வெளியேறும் முட்டையைப் பன்றி தின்னும், அதன் தசையில் அது மறுபடி நீர்ப்பையாகும். கறி தின்றவருக்குக் குடற்புழுதான், பெரும்பாலும் பெரிய தொந்தரவில்லை. வினை முட்டையில் இருக்கிறது. குடற்புழு உள்ள ஒருவர் கை கழுவாமல் சமைத்த சாம்பார் சாதமே போதும், பன்றியின் இடத்தில் நாம் இருப்போம்.

இனி எனக்குப் பிடித்த கட்டம். சிறுகுடலில் முட்டையுறை கரைந்ததும் ஆறு கொக்கிகளுடைய நுண்கரு ஒன்று வெளியே வரும். குடற்சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, தசை, கண், மூளை என எங்காவது ஒதுங்கும். இரண்டு மூன்று மாதங்களில் நீர்ப்பையாகிவிடும். நம் நோயெதிர்ப்பை மழுங்கடிக்கும் பொருள்களைச் சுரந்தபடி பல ஆண்டுகள் சத்தமே போடாமல் கிடக்கும். உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் நல்ல குடித்தனக்காரர்தான்! சாகத் தொடங்கியதும் அந்தச் சுரப்பு நிற்கிறது. உடல் விழித்துக்கொண்டு தாக்குகிறது. சுற்றியுள்ள மூளைத் திசு வீங்கி வலிப்பு வெடிக்கிறது.

ஒரு மலைநாட்டில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்பது எதைச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் குடற்புழு உள்ளவர்களே பலர் தப்பிவிடுவார்கள், முட்டை தினமும் வெளிவருவதில்லை. ரத்தத்தில் எதிர்ப்புரதம் (புழுவை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) தேடினால் எப்போதோ முட்டை விழுங்கிக் குணமானவரும் கணக்கில் சேர்வார். மூளையைப் பார்க்க ஸ்கேன் வேண்டும். மலைக்கிராமத்தில் அதற்கு எங்கே போவது?

நம்மூரில் வலிப்பு வந்தவர் கையில் இன்னமும் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். பன்றிக்குப் போடும் தடுப்பூசியோ ஹைதராபாத்திலேயே தயாராகிறது. அதை ஏழைகள் வளர்க்கும் பன்றிகள்வரை கொண்டுபோகத்தான் காசு ஒதுக்க ஆளில்லை.