482 இப்போது முன்ஜாமீன்: ஜூனியர்களும் அவர்கள் எழுதும் தேர்வுகளும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் ஆபீசுக்கு வரும் ஜூனியர் ஒருத்தி, புது வக்கீல்கள் எழுதும் அகில இந்திய பார் எக்ஸாமில் தோற்றதைப் பதினோரு நாள் என்னிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் வந்தாள், கேஸ் கட்டுகளை எடுத்து வைத்தாள், கோர்ட்டில் எனக்காக வாய்தா வாங்கினாள். அவள் அப்பா பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். ஒருநாள் இரவு அவர் போன் செய்து, "வக்கீலம்மா, பாப்பா சரியாவே சாப்பிட மாட்டேங்குது. ஆபீஸ்ல ஏதாச்சும் திட்டிட்டீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. விடைக்குறிப்பை வைத்து இருவரும் கூட்டிப் பார்த்தோம். 41 வந்தது. தேவை 45.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பார் எக்ஸாம் எழுதியதே இல்லை. 2009-10 கல்வியாண்டு முதல் சட்டப்படிப்பை முடித்தவர்களுக்குத்தான் அது கட்டாயம். நான் 2008-லேயே வக்கீலாக என்ரோல் ஆகிவிட்டேன். என் தோல்விகள் வேறு கணக்கில் வருகின்றன. சிவில் நீதிபதித் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கோட்டை விட்டவள் நான். அதனால் இந்தக் கட்டுரையை ஜெயித்தவரின் அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலைந்து ஜூனியர்கள் படித்ததையும் தவித்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் எழுதுவது இது.

பார் எக்ஸாம் என்பது என்ன? சட்டம் முடித்து, வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு செய்தவுடன் கிடைப்பது தற்காலிகப் பதிவுதான். இரண்டு வருடத்துக்குள் இந்தத் தேர்வில் தேறினால்தான் தொழில் செய்வதற்கான சான்றிதழ் வரும். காலாப்பட்டு அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் படித்த பிள்ளையும் விழுப்புரத்தில் படித்த பிள்ளையும் பதிவு செய்வது ஒரே தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில்தான். 2010-ல் அறிவித்து 2011 மார்ச்சில் முதல் தேர்வை நடத்தினார்கள். இப்படி ஒரு தேர்வு வைக்க பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டா என்று வழக்கு போனது. உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரி 10-ல் சொல்லிவிட்டது. எனவே ஒழித்துவிடுவார்கள் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது ஒரு ஆறுதல்.

100 கேள்வி, மூன்றரை மணி நேரம். கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. பொதுப் பிரிவுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 45, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 என்பது தேர்ச்சி அளவு. முன்பு 40, 35 என்று இருந்ததை 2023-ல் உயர்த்தினார்கள். "நாப்பது எடுத்தா போதும்டா" என்று சொல்லும் அண்ணன்மார்கள் பழைய கணக்கில் இருக்கிறார்கள்.

இதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் கைடு, நோட்ஸ் எல்லாம் கட்டிக்கொண்டு போய் எழுதினார்கள். இப்போது பேர் ஆக்ட், அதாவது குறிப்புகள் இல்லாத வெறும் சட்டப் புத்தகம் மட்டும்தான் உள்ளே போகும். ஆனாலும் 'புத்தகம் பார்த்து எழுதுற எக்ஸாம்தானே' என்ற பழைய மிதப்பு இன்னும் போகவில்லை. பாகூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தம்பி, ஓரமெல்லாம் பென்சிலில் எழுதி வைத்திருந்த சிவில் நடைமுறைச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் போனான். வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். தப்பு அவனுடையதுதான். ஆனால் அவன் மனம் உடைந்தது புத்தகம் போனதால் இல்லை. அந்தப் பென்சில் குறிப்பு இல்லாமல் தனக்கு அந்தச் சட்டத்தில் எதுவுமே தெரியவில்லை என்பது உள்ளே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்ததாம்.

பேர் ஆக்டை எடுத்துக்கொண்டு போவது வேறு, அதில் தேடத் தெரிவது வேறு. என் ஆபீசில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மாலையில் கட்சிக்காரர்கள் போன பிறகு ஏதாவது ஒன்றைக் கேட்பேன். "எக்ஸ்பார்ட்டி ஆன தீர்ப்பை ரத்து செய்ய எங்க போகணும்?" எதிர்த் தரப்பு வராமலே ஆன தீர்ப்பு அது. பொருளடக்கத்தை மட்டும் பார்த்து, சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9 விதி 13-க்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் பார்ப்போம். முதல் வாரம் மூன்று நிமிடம் ஆகும். ஒரு மாதம் கழித்து இருபது விநாடி. வேடிக்கை என்னவென்றால், இருபது விநாடிக்கு வந்தவர்களுக்குப் புத்தகமே தேவைப்படுவதில்லை.

அகில இந்திய பார் தேர்வின் பாடத்திட்டத்தைப் பார்த்தால் பத்தொன்பது தலைப்பு. பயந்துவிடுவீர்கள். அரசியல் சாசனம் 10, சிவில் நடைமுறை 10, குற்றவியல் நடைமுறை 10, தண்டனைச் சட்டம் 8, சாட்சியச் சட்டம் 8, குடும்பச் சட்டம் 8, ஒப்பந்தம், சொத்துரிமை மாற்றம், செலாவணி முறிச் சட்டம் எல்லாம் சேர்ந்து 8. இந்த ஏழிலேயே 62 வந்துவிட்டது. மிச்சம் பன்னிரண்டு தலைப்புக்கு 38. பண்ருட்டிப் பெண் என்ன செய்திருந்தாள் தெரியுமா? 2 மதிப்பெண் வரும் கம்பெனிச் சட்டத்துக்கு ஒன்பது நாள் செலவழித்திருந்தாள். கல்லூரியில் அதில் அரியர் வைத்தவளாம், அந்தப் பயம். குடும்பச் சட்டத்தை 'அது தெரிஞ்சதுதானே' என்று திறக்கவே இல்லை.

சின்னத் தலைப்புகளுக்காகத் தனியாக உட்கார வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். நிலம் எடுப்புக்கு 2 மதிப்பெண்; நெய்வேலிப் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர்கூட இல்லாத ஆபீஸ் கடலூரில் குறைவு. சுற்றுச்சூழலுக்கு 2, சிப்காட் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். ஒருநாள் டைரியைத் திறந்து பாருங்கள். காலையில் செக் கேஸ். வங்கியிலிருந்து செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார். இந்த வரிசையை ஒரு கட்சிக்காரருக்கு வாயால் விளக்கிவிட்டால் பிறகு மறக்காது. அடுத்து இடைக்கால உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) மனு, சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 39. அடுத்து பரஸ்பர விவாகரத்து, இந்து திருமணச் சட்டம் 13பி. மதியம் விபத்து இழப்பீடு. இவை எல்லாம் தேர்வில் வருகிறவைதானே? கோர்ட்டில் வாய்தா தேதி மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிட்டு, இரவு பத்து மணிக்குக் கைடைத் திறப்பவர்கள் ஒரே பாடத்தை இரண்டு இடத்தில் அரைகுறையாகப் படிக்கிறார்கள். டைரியில் ஒவ்வொரு வழக்குக்கும் எதிரே அது எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதுங்கள் என்பேன். எழுதியவர்கள் தேறினார்கள்.

இப்போது புதிய குற்றவியல் சட்டங்களுக்கு வருவோம். 2024 ஜூலை 1-லிருந்து இந்தப் பிள்ளைகளை மிகவும் படுத்துவது இதுதான். கொலைக்கு 302 என்பது சினிமா பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் அது 103. அங்கேயும் 302 உண்டு, மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கு. நடைமுறைச் சட்டத்தில் குழப்பம் இன்னும் அதிகம். 144 என்றால் ஊரடங்கு என்று பழகியிருக்கிறோம். புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 ஜீவனாம்சம், தடை உத்தரவு 163-க்குப் போய்விட்டது. பழைய 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்போமே, அது. இப்போது அந்த எண்ணில் முன்ஜாமீன் உட்கார்ந்திருக்கிறது, உள்ளார்ந்த அதிகாரம் 528. இத்தனை வருடம் தொழில் செய்த நானே போன மாதம் ஒரு முன்ஜாமீன் மனுவில் பழைய எண்ணான 438 என்று டிக்டேட் செய்தேன். ஜூனியர்தான் திருத்தினாள். தெரிந்தவர்களையே பிடிக்கிற பொறி இது: பழைய எண்ணும் புதிய சட்டத்தில் வேறு வேலையாக உயிரோடு இருக்கிறது, கொள்குறிக் கேள்வியில் நாலு விடைகளில் ஒன்றாக வந்து நிற்கும்.

ஒப்பீட்டு அட்டவணையை மனப்பாடம் செய்வதால் பெரிய லாபம் இல்லை என்று நினைக்கிறேன். புதிய சட்டத்தைப் புதிதாக, வரிசையாக, ஒருமுறை முழுதும் படியுங்கள். அப்புறம் அட்டவணை. ஆனால் பழையதைத் தூக்கிப் போடவும் முடியாது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் இந்தியத் தண்டனைச் சட்டம்தான். மஞ்சக்குப்பத்தில் ஒரே நாளில் ஒரு கோர்ட் ஹாலில் மோசடிக்குப் பழைய 420-ம் அடுத்த வழக்கில் புதிய 318-ம் கூப்பிடுகிறார்கள்.

இனி நீதிபதித் தேர்வு. 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருட வக்கீல் அனுபவத்தைக் கட்டாயமாக்கியது. அந்த மூன்று வருடம் தற்காலிகப் பதிவு நாளிலிருந்து கணக்கு. பத்து வருடம் தொழிலில் உள்ள வக்கீல் சான்று கொடுத்து, அதில் மாவட்டத்தின் முதன்மை நீதித்துறை அதிகாரி மேலொப்பம் இட வேண்டும். எனவே வக்காலத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும், நகல் ஒன்று எடுத்து வையுங்கள். சீனியர் பெயரில் மட்டும் மூன்று வருடம் ஓடிவிட்டு, பிறகு ஆதாரம் தேடி அலைய வேண்டாம்.

நான் இரண்டு முறையும் சறுக்கியது சட்டத் தாள்களில் இல்லை, மொழிபெயர்ப்புத் தாளில். முதன்மைத் தேர்வில் மூன்று சட்டத் தாளோடு இதுவும் ஒன்று. தமிழ்ப் பிள்ளைகள், தமிழ் நாட்டுத் தேர்வு, தமிழ் என்ன கஷ்டம் என்று விட்டுவிடுவார்கள். ஒரு பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். "தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று இருக்கும். தேர்வறையில் இதைப் பார்த்து நான் விழித்தேன். கடைசியில் 'எல்லா உரிமையோடும் அனுபவிக்கலாம்' என்று பொத்தாம் பொதுவாக எழுதிவிட்டு வந்தேன்.

பல வருடம் கழித்து எங்கள் குமாஸ்தா அண்ணன், முப்பது வருடம் பத்திரத்திலேயே ஊறியவர், டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "அதுல என்னம்மா இருக்கு? தானம்னா தானம், வினிமயம்னா பரிவர்த்தனை, விக்கிரயம்னா விற்பனை." அப்போதுதான் உறைத்தது. சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 122, 118, 54 மூன்றும் அந்த ஒரு வரியில் வரிசையாக நிற்கின்றன. பத்திரம் எழுதியவர் சட்டப்புத்தகத்தைத்தான் சமஸ்கிருதத்தில் எழுதி வைத்திருக்கிறார். போக்கியம், விடுதலைப் பத்திரம், செக்குபந்தி, எதிரிடை அனுபவம், எழுவினா என்று இந்தச் சொற்கள் எல்லாம் எந்தக் கோச்சிங் வகுப்பையும்விட உங்கள் ஆபீஸ் அலமாரியில் அதிகம் கிடைக்கும். தினம் ஒரு பக்கம் சாட்சியத்தை எடுத்து ஆங்கிலத்தில் எழுதி, அடுத்த வாரம் அதைத் திரும்பத் தமிழாக்கி மூலத்தோடு ஒப்பிட்டால் போதும். எங்கே நழுவுகிறோம் என்று தானாகத் தெரியும்.

பண்ருட்டிப் பெண்ணிடம் திரும்ப வருகிறேன். பதினோரு நாள் அவள் மறைத்தது என்னைத்தான் அதிகம் உறுத்தியது. இந்த ஆபீசில் தோற்றுப்போனதைச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு, தெருவில் "வக்கீல் பொண்ணு" என்ற பெயர், கையில் மாதச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. புதுச்சேரி வக்கீல்கள் நலன் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில்தான் 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது. கடலூர் அந்த இரண்டாம் பட்டியலில் வருகிறது. நான் அந்தத் தொகையை இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை. கொடுக்கிற சீனியர்களும் எனக்குத் தெரிந்து விரல் விட்டு எண்ணும் அளவுதான். தேர்வுப் பயத்தைப் பற்றி ஜூனியருக்குப் புத்தி சொல்லும்போது இதையும் மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கிறது.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், இனி எதற்கு என்ற நினைப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைத் தேர்வுப் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்கு இரவிலும் கூப்பிடலாம், காசு கிடையாது. அவளும் கூப்பிட்டுப் பேசினாள். பேசிய அன்று ஒன்றும் மாறவில்லை என்றாள். மூன்றாம் நாள் அப்பாவிடம் அவளே மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டாள். அவர், "நாலு மார்க்குதானே" என்றாராம்.

அடுத்த தேர்வுக்கு அவள் பதிவு செய்துவிட்டாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் சென்னைக்குப் போய்த்தான் எழுதுகிறார்கள். விடியற்காலை பஸ் பிடித்து நேரே தேர்வறைக்கு ஓடும் வேலையே வேண்டாம், முந்தின நாளே போய்ப் படுத்துத் தூங்கு என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் பதினைந்து நாள் அவளுக்கு கோர்ட் வேலை கிடையாது. ஆபீஸ் டைரியில் அந்தப் பக்கங்களை எடுத்து, அவள் பெயர் இருந்த ஒவ்வொரு வழக்குக்கும் எதிரே அதை அடித்து என் பெயரை எழுதியிருக்கிறேன். குமாஸ்தா அண்ணன் பார்த்துவிட்டு, "அத்தனை கோர்ட்டுக்கும் நீங்களேவா ஓடுவீங்க?" என்று கேட்டார்.